ஒன்பதும் சாய்கோடும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆணி ஜாஸ்தி. அதுவும் போன ரெண்டு வாரமா நான் புடுங்கிட்டு இருக்கிறது டேமேஜர் அடிச்ச ஆணி இல்லை, என் கையாலேயே நான் அடிச்சது. அதைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி எங்க மாமாவைப் பத்திச் சொல்லியாகணும். அவரைச் சொல்லாம இதைச் சொன்னா உங்களுக்கும் புரியாது, எனக்கும் சொல்ல வராது.

மாமான்னா அம்மாவோட அண்ணன். இங்கேயே புதுச்சேரியில, முத்தியால்பேட்டையில வீடு. வானிலை ஆய்வுத் துறையில அப்சர்வரா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபது தாண்டியாச்சு. ஆனா இன்னைக்கும் காலைல சரியா எட்டரைக்கு மொட்டை மாடிக்குப் போவார். கையில ஒரு பழைய டயரி, சட்டைப் பையில பென்சில். அஞ்சு நிமிஷம் வானத்தைப் பார்ப்பார், எழுதுவார், இறங்கி வந்து இட்லி சாப்பிடுவார். சின்ன வயசுல நான் இதை ஏதோ சூரிய நமஸ்காரம்னு நினைச்சிருந்தேன்.

"ஏன் மாமா எட்டரை? எட்டுன்னா ஆகாதா?"ன்னு ஒருநாள் கேட்டேன்.

"உலகம் பூரா ஒரே நேரத்துல பாக்கணும்டா மாப்ள. கிரீன்விச் கணக்குல விடியக்காலம் மூணு. நமக்கு எட்டரை. நீ அரை மணி முன்ன பின்ன பாத்தா உன் கணக்கு தனியா நிக்கும், யாருக்கும் உதவாது."

மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாளைக்கு எட்டு வேளை. நம்ம ஊர் நேரப்படி 2:30, 5:30, 8:30, 11:30, அப்புறம் மறுபடி அதே நாலு. இதுதான் அவங்க கடிகாரம். நாட்டுல மழை அளக்குறதும் 8:30ல இருந்து 8:30 வரைக்கும்தான். "நேத்து இத்தனை சென்டிமீட்டர்"னு செய்தியில வருதே, அது முந்தின நாள் காலை எட்டரைல இருந்து இன்னைக்கு எட்டரை வரைக்கும் பெய்ஞ்சது.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் நம்ம ஊர் பக்கத்துல கரை ஏறுச்சே, அன்னைக்கு ராத்திரி மாமாவும் அத்தையும் போட்ட சண்டையை ஒரு தனிப் பதிவாவே போடலாம். மழைமானியோட வாய் 200 சதுர சென்டிமீட்டர். புதுச்சேரியில அந்த 24 மணி நேரத்துல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. பெருக்கிப் பாருங்க, 9 லிட்டர் தண்ணி. மாமா முற்றத்துல வச்சிருந்த மழைமானி பாட்டில் நாலு லிட்டர்தான் புடிக்கும். நிரம்பி வழிஞ்சா கணக்கு போச்சு. அதனால ராத்திரி ரெண்டு தடவை எழுந்து, குடை புடிச்சு, அளந்து, எழுதி, கொட்டிட்டு வந்தார். தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி, கரண்ட் இல்லை, அத்தை கத்துறாங்க. "உங்களுக்கு யாரு இப்ப சம்பளம் தர்றா?"

மாமா பதில் சொல்லலை. துண்டால தலையைத் துவட்டிட்டு டயரியை எடுத்துட்டார்.

சரி, கொசுவத்தியைச் சுத்திக்குங்க. 1980களுக்குப் போகலாம்.

1983ல மாமாவை மலைக்கு மாத்தினாங்க. மேற்கு மலையில ஒரு உச்சி, சுமார் ஏழாயிரம் அடி. ஊர் பேரை எழுதக் கூடாதுன்னு சொல்லிட்டார், காரணம் பின்னாடி தெரியும். மூணு அப்சர்வர், ஒரு உதவியாள். பஸ் நிக்குற இடத்துல இருந்து கடைசி மூணு கிலோமீட்டர் நடை. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் தலைச்சுமையா வரணும்.

மாமா கடலோரத்துப் புள்ளை. மே மாசத்து வெயில்ல வீராம்பட்டினம் மணல்ல செருப்பில்லாம நடந்தவர். அங்க போய் முதல் வாரம் சோறு வேகலைன்னு அழாத குறை. மேல போகப் போக காத்தோட அழுத்தம் குறையும், தண்ணி சீக்கிரமே கொதிச்சிடும். அந்த உயரத்துல சுமார் 93 டிகிரியில கொதிக்குது. கொதிக்குது கொதிக்குதுன்னு பார்த்துட்டே இருக்கலாம், பருப்பு மட்டும் கல்லு மாதிரி கிடக்கும். அடுத்த லீவுல வந்தப்போ பாட்டிகிட்ட சண்டை போட்டு வீட்டு குக்கரைத் தூக்கிட்டுப் போயிட்டார். "இங்க பாரோமீட்டர் 1010 காட்டும், அங்க 780 சொச்சம்தான். அந்த வித்தியாசத்தை நான் பருப்புல படிச்சேன்"னு இப்பவும் சொல்லுவார்.

மழைக்காலத்துல துவைச்ச துணி பத்து நாள் ஆனாலும் காயாது. பெல்ட்டு, செருப்பு, சூட்கேஸ் எல்லாத்துலயும் பச்சையா பூஞ்சை. தீப்பெட்டியை உடம்போட ஒட்டி வச்சுக்கிட்டாத்தான் குச்சி பத்தும். காலுக்கு அட்டை. பார்வைத் தளத்துக்குள்ள புல்லு மேய காட்டெருமை வரும். கருவிங்களைச் சுத்தி வேலி போட்டிருந்தாலும் அதுக்கு வேலியாவது ஒண்ணாவது. ராத்திரி ரெண்டரைக்கு டார்ச்சோட போறப்போ மூச்சு விடுற சத்தம் கேட்டா அப்படியே நிக்கணுமாம். அது நகர்ற வரைக்கும் இவர் நகர மாட்டார். அப்படி லேட்டான நாள்ல பதிவேட்டுல எத்தனை நிமிஷம் லேட்டுன்னும் எழுதணும்.

வேலை என்னன்னு கேட்டா சின்னதாத்தான் இருக்கும். வீட்டுல இருந்து அறுபது அடி தள்ளி, நாலு கால்ல ஒரு வெள்ளைப் பெட்டி. சுத்தியும் ஜன்னல் சட்டம் மாதிரி சாய்ஞ்ச பலகை, காத்து போகும், வெயில் படாது. இதுக்குப் பேர் ஸ்டீவன்சன் பெட்டி. 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதின ஆர்.எல்.ஸ்டீவன்சனோட அப்பா தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைச்சது. கதவு வடக்குப் பக்கம், திறக்கும்போது வெயில் உள்ள விழக் கூடாதுன்னு. உள்ள நாலு வெப்பமானி. ஒண்ணு சாதாரணம். ஒண்ணு ஈரத்துணி சுத்தினது, காத்துல எவ்வளவு ஈரம் இருக்குன்னு பார்க்க. மீதி ரெண்டும் படுக்கையா இருக்கும், ஒண்ணு அதிகபட்சம், இன்னொண்ணு குறைந்தபட்சம்.

கதவைத் திறந்தா சீக்கிரம் படிக்கணும். பக்கத்துல நிக்கிற ஆளோட சூடு, விடுற மூச்சு, டார்ச் வெளிச்சம் எல்லாமே எண்ணை மாத்திடும். முதல்ல புள்ளிக்கு அப்புறம் வர்ற இலக்கத்தைப் படிக்கணும், அப்புறம் முழு எண். ஏன்னா பத்துல ஒரு பங்குதான் சட்டுனு மாறும். மேகத்துக்குள்ள நின்னா சாதாரணமும் ஈரத்துணியும் ஒரே எண்ணைக் காட்டும். "ரெண்டும் ஒண்ணா இருந்தா நீ மேகத்துக்குள்ள நிக்கிறேன்னு அர்த்தம், கண்ணை மூடிக்கிட்டே சொல்லலாம்."

வெயில் அளக்குறதுக்கு ஒரு கண்ணாடி உருண்டை. பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவிச்சு, பின்னாடி வச்ச அட்டையில கோடு கோடா எரிச்சிட்டுப் போகும். எரிஞ்ச நீளம்தான் அன்னைக்கு வெயில் அடிச்ச நேரம். தினமும் சூரியன் மறைஞ்சதும் அட்டையை மாத்தணும். மழைக்காலத்துல வாரக்கணக்கா அட்டையில ஒரு பொட்டுக் கருப்பு கூட இருக்காது. அப்பவும் அந்த வெள்ளை அட்டையை எடுத்து, தேதி எழுதி, கட்டுல வைக்கணும், புதுசு மாட்டணும். எரியாத அட்டையை எதுக்கு பத்திரப்படுத்துறீங்கன்னு கேட்டேன். "வெயில் இல்லைங்கிறது ஒரு அளவு. அட்டை இல்லைங்கிறது வேற"ன்னார். அப்போ எனக்கு இது மண்டையில ஏறலை.

நல்லதும் உண்டு. மார்கழி காலைல சில நாள் மேகம் உச்சிக்குக் கீழ படுத்துக் கிடக்குமாம், பால் கடல் மாதிரி. சூரியன் முதுகுல அடிக்கும். முன்னாடி மேகத்து மேல அவரோட நிழல், தலையைச் சுத்தி வானவில் வளையம், சாமி படத்துல வர்ற மாதிரி. கூட நின்னவர்கிட்ட "உங்க தலையில தெரியுதா?"ன்னா, அவர் "இல்லப்பா, என் தலையிலதான் இருக்கு"ன்னாராம். அவங்கவங்களுக்கு அவங்கவங்க வளையம்தான் தெரியும். இதே வளையத்தைத்தான் ஸ்காட்லாந்துல பென் நெவிஸ் மலை உச்சி நிலையத்துல 1894ல சி.டி.ஆர்.வில்சன்னு ஒருத்தர் பார்த்தார். ரெண்டு வாரம் தற்காலிகமா வேலை பார்க்கப் போனவர். மேகத்தை ஆய்வுக்கூடத்துல செஞ்சு பார்க்கணும்னு ஆசைப்பட்டு, அது மேக அறையா வளர்ந்து, 1927ல நோபல் பரிசு வரைக்கும் கொண்டு போயிடுச்சு. மாமாவுக்குக் கிடைச்சது சளி :-)

அந்த பென் நெவிஸ் நிலையம் 1883ல இருந்து 1904 வரைக்கும் ஓடுச்சு. மணிக்கு ஒரு தடவை, ராத்திரி பகல்னு பார்க்காம ஆளுங்க வெளிய போய்ப் படிச்சாங்க. கடைசியில காசு இல்லாம மூடிட்டாங்க. நம்ம பக்கம் அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. தொட்டபெட்டாவுல 8640 அடியில 1847-48லயே வானிலை அளந்து எழுதி வச்சிருக்காங்க. 1855ல திருவனந்தபுரம் வானாய்வகத்து இயக்குநர் ஜான் ஆலன் பிரவுன், அகத்தியர் மலை உச்சியிலேயே ஒரு நிலையம் கட்டினார். யானைக் காட்டைத் தாண்டி, அகத்தியர் தவம் செஞ்சதா சொல்ற இடத்துல காந்த ஊசியையும் வெப்பமானியையும் வச்சுட்டு உக்காந்திருக்காங்க. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899ல வந்தது. 1876-78 பஞ்சத்துக்கு அப்புறம், மழை பொய்க்கிறதுக்கும் சூரியனுக்கும் சம்பந்தம் இருக்குமோன்னு தேட ஆரம்பிச்சதும் அது பிறக்க ஒரு காரணம். 1971 வரைக்கும் அதுவும் வானிலைத் துறை கையிலதான் இருந்தது. 1904ல இருந்து அங்க சூரியனைப் படம் புடிக்கிறாங்க. மேகம் மூடின நாளுக்குப் படம் இல்லை. இல்லைன்னா இல்லைதான், நேத்து படத்தை எடுத்து இன்னைக்குத் தேதி போட முடியாது.

இப்போ நம்ம தொழில் சமாச்சாரத்துக்கு வர்றேன். பொட்டி தட்டுற மக்கள் கொஞ்சம் கவனமா படிங்க.

படிச்ச எண்ணையெல்லாம் அஞ்சு அஞ்சு இலக்கமா மாத்தி ஒயர்லெஸ்ல அனுப்புவாங்க. உலகம் பூரா ஒரே குறியீடு. உதாரணத்துக்கு 10072. முதல் 1 வந்தா இது வெப்பநிலை. அடுத்த 0 வந்தா பூஜ்யத்துக்கு மேல. 072ன்னா 7.2 டிகிரி. மைனஸ்னா அந்த 0 இடத்துல 1. எந்த மொழிக்காரனும் படிக்கலாம். கல்லூரியில நாலு வருஷம் புரோட்டோகால் படிச்ச எனக்கு, இது எவ்வளவு அழகான புரோட்டோகால்னு மாமாவோட பழைய நோட்டைப் பார்த்துத்தான் தெரிஞ்சது. மழைக்கு இன்னும் நுணுக்கம். 001ன்னா ஒரு மில்லிமீட்டர். 990ன்னா தூறிச்சு, ஆனா அளக்குற அளவுக்குத் தேறலை. தரை நனைஞ்சதுக்கும் காய்ஞ்சு கிடந்ததுக்கும் வித்தியாசம் காட்டுறதுக்கே ஒரு எண்!

மேகத்துக்கு வானத்தை எட்டு பங்கா பிரிச்சுக்கணும். சுத்தமா இருந்தா 0. பாதி மூடியிருந்தா 4. முழுசா மூடினா 8. அதுக்கு மேல ஒண்ணு இருக்கு, 9. எட்டு பங்குல ஒன்பது எப்படின்னு கேப்பீங்க. பனிமூட்டத்துல வானமே தெரியலைன்னா 9. மேல மேகம் இருக்கா இல்லையான்னே சொல்ல முடியாத நிலை. மலை உச்சியில மாசத்துல பாதி நாள் இந்த 9தான்.

அதுக்கும் அப்புறம் ஒண்ணு இருக்கு. ஒரு சாய்கோடு. பார்க்கலை, அளக்கலை, கருவி உடைஞ்சு போச்சு, எந்தக் காரணமா இருந்தாலும் அந்த இடத்துல சாய்கோடு போடணும். காலியா விடக் கூடாது, பூஜ்யமும் போடக் கூடாது.

"மாப்ள, ஒன்பதுன்னா நான் வெளிய போனேன், நிமிர்ந்து பாத்தேன், தெரியலை. சாய்கோடுன்னா நான் பாக்கவே இல்லை. ரெண்டுக்கும் நடுவுல அறுபது அடி குளிரு இருக்கு"ன்னு மாமா சொன்னார்.

அந்த அறுபது அடிதான் கதை.

1986 டிசம்பர். கூட இருந்த ஒருத்தருக்குக் காய்ச்சல், இன்னொருத்தர் லீவு. மாமா தொடர்ந்து நாலாவது நாளா எட்டு வேளையும் ஒத்தை ஆளா பார்க்கிறார். ராத்திரி பதினொன்றரைக்குப் போய்ப் படிச்சப்போ வானம் சுத்தம், நட்சத்திரம் கொட்டிக் கிடக்கு, 8.6 டிகிரி. ரெண்டரைக்கு அலாரம் அடிச்சது. கம்பளிக்குள்ள இருந்து கையை மட்டும் நீட்டி அதை அமுக்கினார். கதவிடுக்குல காத்து கத்துது. எந்திரிக்க உடம்பு வரலை.

"எத்தனையோ ராத்திரி பாத்திருக்கேன். தெளிஞ்ச வானம்னா மூணு மணி நேரத்துல எவ்வளவு இறங்கும்னு எனக்குத் தெரியாதா?" மெழுகுவத்தி வெளிச்சத்துல, படுத்த வாக்கிலேயே எழுதிட்டார். வெப்பநிலை 6.8. மேகம் 1. ஒயர்லெஸ்லயும் அனுப்பியாச்சு. அஞ்சரைக்கு எழுந்து வெளிய போனா ஒரே பனிமூட்டம். வேலிக் கம்பமே தெரியலை. மேகம் இப்பத்தான் ஏறியிருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டு, மறுபடி ஒரு எண்ணைப் படிச்சு எழுதினார்.

எட்டரைக்குக் குறைந்தபட்ச வெப்பமானியைப் படிக்கணும். அது சாராய வெப்பமானி. சாராயத்துக்குள்ள ஊசி மாதிரி ஒரு குட்டிக் குச்சி கிடக்கும். குளிர்ல சாராயம் சுருங்குறப்போ குச்சியையும் கீழ இழுத்துட்டுப் போகும். திரும்ப சூடாகி விரியறப்போ குச்சியை அங்கேயே விட்டுட்டு சாராயம் மட்டும் மேல ஏறிடும். ராத்திரி எவ்வளவு கீழ போச்சோ அந்த இடத்துல குச்சி சாட்சியா நிக்கும்.

குச்சி 8.1ல நின்னுச்சு.

புரியுதா மக்களே? ராத்திரி முழுக்க 8.1க்குக் கீழ இறங்கவே இல்லை. இவர் ரெண்டரைக்கு 6.8னு எழுதியிருக்கார். நடந்திருக்கவே முடியாது. என்ன ஆச்சுன்னா, இவர் படுத்தப்புறம் கொஞ்ச நேரத்துலயே மேகம் ஏறிடுச்சு. தரை விடுற சூடு மேல தப்பிப் போகாம மேகம் கம்பளி மாதிரி பொத்திக்கிச்சு. அதனால குளிர் இறங்கலை. ரெண்டரைக்கு அவர் எந்திரிச்சுப் போயிருந்தா மேகத்துக்கு எழுதியிருக்க வேண்டியது 1 இல்லை, 9.

"அந்த எடத்துல நின்னு என்ன யோசிச்சேன் தெரியுமா? குச்சியையும் 6.5னு எழுதிடலாம்னு. யாரு பாக்கப் போறா? பெட்டியைச் சாய்ச்சா குச்சி திரும்ப மேல போயிடும், சாட்சியும் இல்லை. சத்தியமா யோசிச்சேன்டா."

"ஏன் மாமா பண்ணலை?"

"ஒரு பொய் படுத்துக்கிட்டு எழுதினது. அதைத் தூக்கமும் குளிரும் எழுதுச்சுன்னு சொல்லிக்கலாம். ரெண்டாவது, குளிச்சிட்டு, நின்னுக்கிட்டு எழுதுறது. அதை நான்தான் எழுதுவேன்."

பதிவேட்டுல அழிக்கக் கூடாது. தப்பா எழுதினதை ஒத்தைக் கோடால அடிக்கணும், அடிச்சது படிக்கிற மாதிரி இருக்கணும், மேல சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடணும். 6.8ஐ அடிச்சார். மேல சாய்கோடு போட்டார். மேகத்துக்கும் சாய்கோடு. பக்கத்துல குறிப்பு: "பார்க்கவில்லை". அதையே மேலேயும் தெரிவிச்சார். மெமோ வந்துச்சு. அதுக்கப்புறம் பல வருஷம் அந்த மெமோ அவர் கூடவே ஊர் ஊரா வந்துச்சு. அத்தைக்கே இது ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும்.

இப்போ என் ஆணி.

நான் வேலை பார்க்கிற இடத்துல, குளிர்ப்பெட்டி லாரிங்களுக்குள்ள வைக்கிற சென்சாரோட கணக்கைத் திரையில கோடா காட்டுற மென்பொருள் செய்றோம். மருந்து போற லாரி, உள்ள 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். சென்சார் அப்பப்போ பேசாது. சிக்னல் இருக்காது, பேட்டரி போயிருக்கும். அப்போ திரையில கோடு அறுந்து தெரியும். வாடிக்கையாளருக்கு அது புடிக்கலை. "கோடு அறுந்து அறுந்து அசிங்கமா இருக்கு, சரி பண்ணுங்க"ன்னு கேட்டாங்க. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடைசி பஸ்ஸைப் புடிக்கிற அவசரத்துல ஒரு வரி எழுதினேன். மதிப்பு வரலைன்னா முந்தின மதிப்பையே போடு. அவ்வளவுதான். கோடு அழகா, நேரா வந்துச்சு. டேமேஜர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

போன மாசம் ஒரு லாரியில சென்சார் மூணு மணி நேரத்துக்கு மேல பேசலை. அந்த நேரத்துல குளிர் இயந்திரமும் நின்னு போச்சு. திரையில மட்டும் 4.6, 4.6, 4.6. பச்சைக் கோடு. லாரி போய்ச் சேர்ந்து பெட்டியைத் திறந்தா, உள்ள மருந்தோட மருந்தா வச்சிருந்த இன்னொரு சின்னக் கருவி 19 டிகிரியைக் காட்டுது. மாமாவோட குச்சி மாதிரியே! மொத்தச் சரக்கையும் ஒதுக்கிட்டாங்க. யாருக்கும் அந்த மருந்து போகலை, அந்த மட்டும் நிம்மதி.

பிரச்சினை அதுக்கப்புறம்தான். "வழி முழுக்க 4.6னு உங்க திரையே சொல்லுது. அப்போ இறக்குற இடத்துலதான் கதவைத் திறந்து போட்டு கெடுத்திருக்கணும். டிரைவரோட கவனக் குறைவு." அப்படி ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க. டிரைவரை வேலையை விட்டு நிறுத்தி வச்சிருக்காங்க. நஷ்டத்துல ஒரு பங்கை அவர் சம்பளத்துல புடிக்கிறதா பேச்சு. எங்க ஆளுங்க என்கிட்ட கேட்டது ஒரு பக்க அறிக்கை, கோளாறுக்கு மூல காரணம் என்னன்னு. டேமேஜர் போன்ல நல்லாத்தான் பேசினார். "நெட்வொர்க் சரியில்லைன்னு பொதுவா போட்டு முடிச்சிடுப்பா. நம்ம பக்கம் எல்லாம் ஓகே."

நெட்வொர்க் சரியில்லைங்கிறது முழுப் பொய்யும் கிடையாது. அதான் கஷ்டமே.

நாலு நாள் அந்தக் கோப்பைத் திறந்து திறந்து மூடினேன். சனிக்கிழமை மாமா வீட்டுக்குப் போனேன். எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். எழுந்து போய் அந்த 1986 கதையைச் சொன்னார். நாற்பது வருஷமா எனக்குத் தெரியாத கதை, சரி, என் வயசு வரைக்கும்னு வச்சுக்குங்க. சொல்லி முடிச்சிட்டு, "வா, பார்க்கு வரைக்கும் நடந்துட்டு வரலாம்"னார்.

பாரதி பூங்காவுல நடந்துக்கிட்டே மாமா இன்னொரு ஆளைப் பத்திச் சொன்னார். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல பிரெஞ்சுக்காரன் கோட்டை. 1761ல இங்கிலீஷ்காரன் புடிச்சு இடிச்சுட்டான். வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போறதைப் பார்க்க லெ ஜென்டீல்னு ஒரு பிரெஞ்சு வானியலாளர் 1760ல பாரீசுல இருந்து கிளம்பினார். புதுச்சேரிக்கு வந்து பார்க்கிறதா திட்டம். ஊர் இங்கிலீஷ்காரன் கையில போயிட்டதால இறங்க முடியலை. 1761ல அந்த நேரம் வந்தப்போ நடுக்கடல்ல கப்பல்ல இருந்தார். கப்பல் ஆடுது, அளவு எடுத்துப் பிரயோஜனம் இல்லை. எட்டு வருஷம் கழிச்சு மறுபடி வரும்னு இந்தப் பக்கமே தங்கிட்டார். இடிஞ்ச கோட்டையோட மிச்சத்துல ஒரு ஆய்வகம் கட்டிக்கிட்டார். சென்னையில இருந்து இங்கிலீஷ்காரங்களே ஒரு நல்ல தொலைநோக்கி குடுத்தாங்க. மே மாசம் முழுக்க காலை வானம் பளிச்சுனு இருந்துச்சு. 1769 ஜூன் 4, விடியக்காலம் எழுந்து பார்த்தா மேகம். வெள்ளி கடந்து முடிஞ்சப்புறம்தான் சூரியன் வெளிய வந்துச்சு, அப்புறம் நாள் பூரா காய்ஞ்சுது. 1771ல ஊருக்குத் திரும்பிப் போனா, செத்துட்டார்னு முடிவு பண்ணி சொத்தைப் பிரிக்கப் பார்த்துட்டு இருந்தாங்க.

"பதினோரு வருஷம்டா மாப்ள. மத்தவங்க கணக்கு வந்ததும் அதை வச்சு நைசா ஒரு எண்ணைப் போட்டிருக்கலாம். யாரு கேக்கப் போறா? மேகம்னு எழுதினான் பாரு."

அப்புறம் ரெண்டு பேரும் பேசலை. பீச்சுல சுண்டல் வாங்கித் தின்னுட்டு வீட்டுக்கு வந்தோம். "அறிக்கையில என்ன எழுதப் போற"ன்னு அவர் கேக்கவே இல்லை.

ஞாயித்துக்கிழமை ராத்திரி எழுதினேன். எந்த வரி, எந்தத் தேதி, எழுதினது நான். அந்த மூணு மணி நேரம் சென்சார் எதுவும் சொல்லலை, திரையில தெரிஞ்ச 4.6 அளந்தது இல்லை, என் நிரல் நிரப்பினது. அதனால கதவைப் பத்தியோ டிரைவரைப் பத்தியோ அந்தக் கோட்டை வச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது. டேமேஜருக்கு மட்டும் அனுப்பாம, கேட்ட எல்லாருக்கும் சேர்த்தே அனுப்பினேன். அனுப்பினதும் வயித்தைப் பிசைஞ்சுது, உண்மையைச் சொல்லணும்னா இன்னும் பிசையுது.

அந்த வரியையும் தூக்கிட்டேன். இப்போ கோடு அறுந்துதான் வரும். சென்சார் பேசியும் அளவு தெரியலைன்னா ஒரு குறி, சென்சார் பேசவே இல்லைன்னா வேற குறி. குறிகளை எங்கிருந்து எடுத்தேன்னு உங்களுக்குத் தெரியும்.

மாமா பார்த்த அந்த மலையில இப்போ தானியங்கிக் கருவிதான் அளக்குதாம். ரெண்டரை மணிக்கு யாரும் எந்திரிக்க வேண்டாம், காட்டெருமைக்குப் பயப்பட வேண்டாம். நல்லதுதான். பாதரச வெப்பமானிங்களும் போயிட்டே இருக்கு. பாதரசத்தைக் குறைக்கணும்னு 2013ல போட்ட மினமாட்டா ஒப்பந்தம் 2017ல நடைமுறைக்கு வந்தாச்சு. தானியங்கிக்கு சோம்பல் வராது, பொய் சொல்லத் தெரியாது. ஆனா அது சும்மா இருக்குற நேரத்துல என்ன எழுதணும்னு சொல்லித் தர்றது யாரு? என்னை மாதிரி வெள்ளிக்கிழமை பஸ்ஸைப் புடிக்க ஓடுற ஒருத்தன்தான்.

டேமேஜர்கிட்ட இருந்து ஒரு வரி வந்திருக்கு. "நாளைக்குப் பேசலாம்." டிரைவர் விஷயமா இன்னும் தகவல் எதுவும் வரலை. நாளைக்கு என்ன ஆகும்னு நீங்க கேட்டா, இப்போதைக்கு என் பதில் 9.

டிஸ்கி: இதைப் போடலாமான்னு மாமாகிட்ட கேட்டேன். "மலை பேரைப் போடாத. 6.8ஐப் போடு, அடிச்சதையும் போடு"ன்னார். போட்டாச்சு.